அமெச்சூர் கோல்ஃப் போட்டி: ஒரே ஹோலில் ஸ்கோர் எகிறாமல் இருக்க எந்த வழி?

ஸ்ட்ரோக் பிளே (மொத்த ஸ்ட்ரோக்குகளை, அதாவது அடிகளை, எண்ணும் முறை) போட்டி முடிந்ததும் கார்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நடுத்தர ஹேண்டிகேப் (திறமைக்கேற்பக் கழித்துக்கொள்ளும் ஸ்ட்ரோக்குகள்) ஆட்டக்காரர்கள் பலருடைய கார்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பாரும் (ஒரு ஹோலுக்கு விதித்த ஸ்ட்ரோக்குகள்) போகியுமாக (அதைவிட ஒன்று கூட) ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு எட்டு. நாலைந்து ஹோல் தள்ளி ஒரு ஒன்பது. அந்த இரண்டையும் ஆறு ஆறாக முடித்திருந்தால் பரிசுப் பட்டியலில் பெயர் வந்திருக்கும்.

எட்டு எப்படி வந்தது என்று கேட்டால் எல்லோரும் டிரைவைத்தான் (ஹோல் தொடங்கும் டீயிலிருந்து அடிக்கும் முதல் நீண்ட ஷாட்) குறை சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அது பொருந்தாது. பந்து மரங்களுக்குள் போனால் வெளியே எடுக்க ஒரு ஸ்ட்ரோக் செலவாகும். தண்ணீரில் விழுந்தால் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக், அதாவது தண்டனையாகக் கூட்டுவது. அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், அதாவது ஆடுகள எல்லைக்கு வெளியே, போனாலும் இழப்பு இரண்டுதான். மீதியெல்லாம் அந்த மோசமான ஷாட்டுக்குப் பிறகு தேர்ந்தெடுத்த வழியில் போனவை. போட்டியன்று காலையில் யாருடைய ஸ்விங்கும் மாறப்போவதில்லை. எந்த வழியில் போவது என்பது மட்டும் பதினெட்டாவது ஹோல்வரை நம் கையில் இருக்கிறது.

ஆகவே ஒரு ஆட்டத்தில் அடிக்கடி வரும் திருப்பங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இருக்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: இந்த ஷாட் தவறினால் அடுத்ததை எங்கிருந்து ஆட வேண்டியிருக்கும்? ஷாட் சரியாக அமைந்தால் என்ன கிடைக்கும் என்பதை எல்லோரும் யோசித்துவிடுகிறார்கள். அதற்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

முதலில் ஆட்ட முறை

ஒரே இடத்தில் கிடக்கும் ஒரே பந்துக்கு, ஆட்ட முறையைப் பொறுத்துச் சரியான பதில் மாறும். ஸ்ட்ரோக் பிளேயில் ஒன்பது என்றால் ஒன்பதுதான். கடைசி ஹோல்வரை அதைச் சுமக்க வேண்டும். ஹோலுக்கு ஹோல் வெற்றி தோல்வி பார்க்கும் மேட்ச் பிளேயில் ஐந்தில் தோற்றாலும் ஒன்பதில் தோற்றாலும் போவது ஒரு ஹோல். எதிராளி குழி இருக்கும் கிரீனுக்குப் பக்கத்தில் இரண்டாவது ஷாட்டிலேயே போய்விட்டார் என்றால், நீங்கள் தண்ணீரைத் தாண்ட முயல்வது நியாயமான முடிவு. பாதுகாப்பாக ஆடினாலும் அந்த ஹோல் போகத்தான் போகிறது.

ஸ்டேபிள்ஃபோர்டு முறை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு உருவாக்கிய இந்த முறையில் 1932-ல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் போட்டி நடந்தது. ஹேண்டிகேப் கழித்த பிறகு பாருக்கு இரண்டு புள்ளி, போகிக்கு ஒன்று, பர்டிக்கு (பாரைவிட ஒன்று குறைவு) மூன்று. டபுள் போகியோ (பாரைவிட இரண்டு கூட) அதற்கு மேலோ என்றால் பூஜ்யம், அதற்குக் கீழே போகாது. எனவே ஒரு ஹோலில் எவ்வளவு மோசமாக ஆடினாலும் பாருடன் ஒப்பிட்டால் இழப்பு இரண்டு புள்ளிதான். 2019-ல் விதிகளில் சேர்ந்த மேக்சிமம் ஸ்கோர் முறையிலும் போட்டியை நடத்தும் கமிட்டி ஓர் உச்ச வரம்பு வைத்துவிடும். இந்த இரண்டு முறைகளிலும் கொஞ்சம் துணிந்து ஆடலாம். கீழே எழுதுவதெல்லாம் முக்கியமாக ஸ்ட்ரோக் பிளேயை மனதில் வைத்து.

டீயில்: டிரைவரா, சிறிய கிளப்பா?

பந்தை மிக அதிக தூரம் அனுப்பும் கிளப் டிரைவர். "பாதுகாப்பாக ஆடு, டிரைவரை எடுக்காதே" என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஷாட்டுகளின் தரவை ஆராய்ந்து, ஆட்டக்காரர்களுக்கிடையே ஸ்கோரில் இருக்கும் வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீண்ட ஷாட்டுகளால் வருகிறது என்று காட்டினார். தூரத்துக்கு மதிப்பு உண்டு. இருபது, முப்பது யார்டைச் சும்மா விட்டுக்கொடுத்தால் அதற்கும் விலை கொடுக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வலது பக்கம் முழுவதும் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் இருக்கும் ஒரு பார் 4 ஹோல். டிரைவர் உள்ளே விழுந்தால் சராசரியாக 4.7-ல் முடிப்பீர்கள் என்றும், டிரைவரைவிடச் சிறிய ஹைப்ரிட் கிளப் எடுத்தால் சராசரி 5.0 என்றும் வைத்துக்கொள்வோம். அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் போனால் கூடுதல் இழப்பு இரண்டு ஸ்ட்ரோக். பத்தில் ஒரு டிரைவ் வெளியே போனால் சராசரி 4.9, டிரைவரே மேல். பத்தில் இரண்டு போனால் 5.1, ஹைப்ரிட் மேல். ஆக, பத்தில் ஒன்றா இரண்டா என்பதில்தான் முடிவு நிற்கிறது. பலருக்குத் தங்கள் எண் தெரியாது. பயிற்சித் திடலில் விழும் நல்ல பந்துகளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடைசியாக ஆடிய சில போட்டிகளின் கார்டுகளை எடுத்து, டிரைவர் எத்தனை முறை பெனால்டியில் முடிந்தது என்று எண்ணுங்கள்.

அவுட் ஆஃப் பவுண்ட்ஸுக்குப் பதில் அந்தப் பக்கம் வெறும் ரஃப் (உயரமான புல்) இருந்தால் கணக்கே வேறு. அங்கே டிரைவரைத் தவிர்க்கக் காரணம் இல்லை. அகலமான ஃபேர்வேயில் (குட்டையாக வெட்டிய புல் பாதை) பயந்து தூரம் குறைந்த அயர்ன் கிளப் எடுப்பதும், குறுகலான இடத்தில் வீம்புக்கு டிரைவர் எடுப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

மரத்தடியில்: இடைவெளியா, பக்கவாட்டா, டிராப்பா?

அமெச்சூர் ஸ்கோர் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பந்து மரத்தின் வேருக்கு ஒரு முழம் தள்ளி, காய்ந்த இலைகள் மேல் கிடக்கிறது. முன்னால் இரண்டு மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளி. அதன் வழியே குழியில் நட்ட கொடி தெரிகிறது. தலைக்கு மேலே ஒரு கிளை தாழ்ந்து தொங்குகிறது. கிளப்பைத் தோள்வரை தூக்க முடியாது. பக்கவாட்டில் இருபது யார்டில் ஃபேர்வே, குறுக்கே ஒன்றுமில்லை. கொடி தெரிவதுதான் ஆபத்து. கண் அதிலேயே நிற்கும்.

முதல் வழி, இடைவெளி. நினைத்தபடி போனால் பக்கவாட்டில் எடுப்பதைவிட ஒரு ஸ்ட்ரோக் மிச்சம். மரத்தில் பட்டால் ஒன்று போகும். பந்து இன்னும் உள்ளே தெறித்தால் இரண்டு, மூன்று. கிடைப்பது ஒன்று, இழப்பது ஒன்றுக்கு மேல். எனவே பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தால் போதாது. பத்துக்கு ஏழு முறையாவது இந்த இடைவெளி வழியே பந்தை அனுப்ப முடியும் என்று உங்களை நன்றாகத் தெரிந்த கேடி (பை சுமக்கும் உதவியாளர்) ஒப்புக்கொள்வாரானால் ஆடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

இரண்டாவது, பக்கவாட்டில் வெளியே எடுப்பது. மூன்றாவது, ஆட முடியாத பந்து என்று நீங்களே அறிவித்து ஒரு பெனால்டி ஸ்ட்ரோக்குடன் டிராப் செய்வது, அதாவது பந்தை வேறிடத்தில் கையால் விட்டு ஆடுவது. இந்த இரண்டையும் பலர் வெகு தொலைவில் இருக்கும் வழிகளாக நினைக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஒரே விலைதான். டிரைவ் முதல் ஸ்ட்ரோக். பக்கவாட்டில் தட்டினால் அது இரண்டாவது. ஃபேர்வேயிலிருந்து ஆடுவது மூன்றாவது. டிராப் செய்தால் பெனால்டி இரண்டாவது. அடுத்து ஆடுவதும் மூன்றாவது. பக்கவாட்டில் எடுக்கும்போது கிளப் கிளையில் மாட்டலாம், பந்து வேரில் படலாம். டிராப் செய்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் பக்கவாட்டுத் தட்டு சரியாக அமைந்தால் நல்ல புல்லில் நிற்பீர்கள். டிராப் செய்தால் பெரும்பாலும் இன்னும் மரங்களுக்குப் பக்கத்தில்தான். பாதி ஸ்விங்குக்காவது இடம் இருந்தால் பக்கவாட்டு. கிளப்பைப் பந்தின் பின்னால் சுத்தமாகக் கொண்டுவர முடியாவிட்டால் டிராப் என்பது என் முடிவு.

டிராப்பிலும் மூன்று வழிகள். பந்திலிருந்து குழிக்கு அருகே போகாமல் இரண்டு கிளப் நீளத்துக்குள்; குழியையும் பந்தையும் இணைக்கும் நேர்கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால்; அல்லது முந்தைய ஷாட்டை ஆடிய இடத்துக்கே திரும்பிப் போவது. அளக்கும் கிளப் பையில் இருப்பதில் மிக நீளமானது, புட்டர் (கிரீனில் பந்தை உருட்டிப் புட் போடும் கிளப்) தவிர. டிரைவர் என்றால் இரண்டு நீளம் ஏழு, ஏழரை அடி வரும். பந்தைத் தொடுவதற்கு முன்பே அந்த இடம் எங்கே முடிகிறது என்று டிரைவரை வைத்து அளந்து பாருங்கள். அங்கேயும் புதர்தான் என்றால், ஒரு ஸ்ட்ரோக் கொடுத்து இன்னொரு சிக்கலை வாங்குகிறீர்கள். அதிலிருந்து விலக இன்னொரு பெனால்டி. பின்னால் போகும் வழியை யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. முப்பது யார்டு பின்னால் திறந்த புல்வெளி இருந்தால் அதுதான் மூன்றிலும் சிறந்தது.

2011 டெக்சாஸ் ஓபனில் கெவின் நா ஒன்பதாவது ஹோலில், ஒரு பார் 4-ல், 16 எடுத்தார். முதல் டிரைவ் மரங்களுக்குள் போனது. ஆட முடியாது என்று அறிவித்துவிட்டு டீக்குத் திரும்பினார். இரண்டாவது டிரைவும் அதே காட்டுக்குள். பிறகு உள்ளேயிருந்து வெளியே வர ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே இருந்தார். 15 என்று எண்ணியதை வீடியோ பார்த்தபின் 16 என்று திருத்தினார்கள். அவர் தொழில்முறை ஆட்டக்காரர். கையில் திறமைக்குக் குறைவில்லை. டீக்குத் திரும்புவது பார்க்கப் பாதுகாப்பான வழி போலத் தெரியும். ஆனால் பந்தை உள்ளே அனுப்பிய அதே ஷாட்டை மறுபடி அடிக்கச் சொல்லும் வழியும் அதுதான்.

மரத்தடியில் இன்னொரு ஆபத்து, ஷாட்டுக்கு முன்பே வருவது. பந்தையொட்டியுள்ள இலையை விலக்கும்போது பந்து அசைந்தால் ஒரு பெனால்டி ஸ்ட்ரோக். பந்தைப் பழைய இடத்தில் திரும்ப வைக்க வேண்டும். பயிற்சி ஸ்விங்கில் கிளை முறிந்து, அதனால் ஸ்விங்குக்கு இடம் கிடைத்துவிட்டால் இரண்டு. பயிற்சி ஸ்விங்கை இரண்டடி தள்ளி நின்று செய்யுங்கள்.

தண்ணீர்: தாண்டுவதா, முன்னால் நிறுத்துவதா?

1999 பிரிட்டிஷ் ஓபன், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி, கடைசி ஹோல். ஜான் வான் டி வெல்டுக்கு மூன்று ஸ்ட்ரோக் முன்னிலை. பார் 4-ல் ஆறு எடுத்தாலே கோப்பை. டிரைவர் எடுத்தது தவறு என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டிரைவ் வலப்பக்கம் விலகினாலும் பந்து ஆடக்கூடிய இடத்தில்தான் நின்றது. விலை கொடுக்க வைத்தது இரண்டாவது ஷாட். குறைந்த தூரத்துக்கான வெட்ஜ் கிளப்பால் ஓடைக்கு முன்னால் நிறுத்தி, மூன்றாவதில் கிரீனுக்குப் போய், மூன்று புட் போட்டிருந்தாலும் ஆறு. அவர் இரண்டு அயர்னால் கிரீனுக்கே குறிவைத்தார். பந்து பார்வையாளர் மாடத்தில் பட்டுத் திரும்பி அடர்ந்த ரஃபில் விழுந்தது, அடுத்தது ஓடையில், டிராப்புக்குப் பிறகு மணல் பங்கர், முடிவில் ஏழு. சமநிலையை முறிக்க ஆடிய பிளே-ஆஃபில் பால் லாரி வென்றார்.

முன்னால் நிறுத்துவது என்று முடிவெடுத்தால் அதை அரைகுறையாகச் செய்யக் கூடாது. தண்ணீர் 170 யார்டில் இருக்கிறது, உங்கள் ஏழு அயர்ன் 150 போகிறது என்றால் சரி என்று தோன்றும். இறுகிய தரை, பின்காற்று, நன்றாகப் பட்ட ஒரு ஷாட் மூன்றும் சேர்ந்தால் பந்து உருண்டு போய் உள்ளே விழும். எவ்வளவு நன்றாக அடித்தாலும் தண்ணீரை எட்டாத கிளப்பை எடுங்கள். இல்லையென்றால் தாண்டும் ஷாட்டையே ஆடிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கிளப்தான் இருப்பதிலேயே மோசமான தேர்வு.

விழுந்துவிட்டது என்றால் தண்ணீர்ப் பகுதியின் எல்லையில் நட்ட குச்சியின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் இரண்டு வழி: முந்தைய இடம், அல்லது பந்து கடைசியாக எல்லையைக் கடந்த புள்ளியையும் குழியையும் இணைக்கும் கோட்டில் பின்னால். சிவப்பு என்றால் கூடுதலாக, கடந்த புள்ளியிலிருந்து இரண்டு கிளப் நீளம். சிவப்புக் குச்சியைப் பார்த்ததும் யோசிக்காமல் இரண்டு கிளப் நீளத்தில் டிராப் செய்வது பழக்கமாகிவிட்டது. அது பெரும்பாலும் சரிவில், காலுக்குக் கீழே பந்து நிற்கும் இடமாக இருக்கும். கோட்டில் நாற்பது யார்டு பின்னால் போனால் சமதரையில் முழு வெட்ஜ் கிடைக்கலாம். பெனால்டி இரண்டுக்கும் ஒன்றுதான். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

ப்ராவிஷனல் அடிப்பதா, போய்ப் பார்ப்பதா?

முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்று அதே இடத்திலிருந்து அடித்துவைக்கும் மாற்றுப் பந்துதான் ப்ராவிஷனல். இதில் பெரிய ஒப்பீடு தேவையில்லை: சந்தேகம் இருந்தால் அடித்துவிடுங்கள். ப்ராவிஷனலுக்குத் தனியாக விலை எதுவும் இல்லை. பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், 2019-க்கு முன் ஐந்தாக இருந்தது. கிடைக்காமல் டீக்குத் திரும்பி நடப்பதில் போவது நேரம் மட்டுமல்ல. பின்னால் வரும் குழு இடுப்பில் கைவைத்து நிற்க, வேர்த்து விறுவிறுத்து அடிக்கும் அந்த டிரைவ் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் "ப்ராவிஷனல்" என்ற சொல்லையோ, அதே பொருள் தெளிவாக வரும்படியோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "இன்னொன்று அடித்துப் பார்க்கிறேன்" என்றால் போதாது. அடித்த நொடியில் இரண்டாவது பந்தே ஆட்டப் பந்தாகிவிடும். முதல் பந்து ஃபேர்வே நடுவில் கிடந்தாலும் அதைத் தொட முடியாது.

சில கமிட்டிகள் லோக்கல் ரூலாக இன்னொரு வழி தருகின்றன: பந்து காணாமல் போன இடத்துக்கு நேரே ஃபேர்வே ஓரத்தில், இரண்டு பெனால்டி ஸ்ட்ரோக்குடன் டிராப். டீயிலிருந்து போன பந்துக்கு அங்கிருந்து ஆடுவது நான்காவது ஸ்ட்ரோக். ப்ராவிஷனல் நன்றாக விழுந்தாலும் அடுத்தது நான்காவதுதான். எண்ணிக்கை ஒன்றே, ஆனால் டிராப்பில் இன்னொரு டிரைவ் வெளியே போகும் அபாயம் இல்லை. ப்ராவிஷனல் அடித்து அது உள்ளே கிடந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். எனவே அன்று அந்த லோக்கல் ரூல் இருக்கிறதா என்று முதல் டீக்குப் போகும் முன்பே நோட்டீசைப் படித்துவிடுங்கள். பெரிய போட்டிகளில் இது இருக்காது என்றே வைத்துக்கொள்ளலாம்.

விதி புரியவில்லை என்றால்: கேட்பதா, ஊகிப்பதா, இரண்டு பந்தா?

உடன் ஆடுபவரிடம் விதியைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. எந்த கிளப் எடுத்தீர்கள் என்று கேட்டால்தான் அது ஆலோசனையாகி இரண்டு ஸ்ட்ரோக் போகும். ஆனால் அவர் தவறாகச் சொன்னால் பெனால்டி உங்களுக்குத்தான். "நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறேன்" என்று தன்னம்பிக்கையோடு சொல்லும் குரலை நம்பி எத்தனை பேர் கார்டு வீணாகியிருக்கிறது! ரெஃப்ரி கூப்பிடும் தூரத்தில் இருந்தால் கூப்பிடுங்கள்.

யாரும் இல்லை, சந்தேகம் தீரவில்லை என்றால் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு பந்துகளை ஆடி அந்த ஹோலை முடிக்கலாம். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது. அடுத்த ஸ்ட்ரோக்குக்கு முன்பே, விதி அனுமதித்தால் எந்தப் பந்து கணக்கில் வர வேண்டும் என்று உங்கள் ஸ்கோரை எழுதும் மார்க்கரிடம் சொல்லிவிட வேண்டும். கார்டைக் கொடுக்கும் முன் நடந்ததைக் கமிட்டியிடம் சொல்ல வேண்டும். இரண்டு பந்திலும் ஒரே ஸ்கோர் வந்தாலும் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் தகுதிநீக்கம். மேட்ச் பிளேயில் இந்த வழி கிடையாது. அங்கே எதிராளியோடு பேசி ஒரு முடிவுக்கு வரலாம், அல்லது ரூலிங் கேட்கப்போவதாகச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.

கிரீனிலும் கார்டிலும்

எட்டு அடி புட்டைத் தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதி முறைதான் போடுகிறார்கள். இருபது அடியில் நின்று குழிக்கு நான்கு அடி தாண்டும்படி தாக்குவது போட்டியில் எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. முதல் புட்டின் தூரம் சரியாக இருந்தால் போதும்.

அதற்குப் பிறகு மீதி இருக்கும் இரண்டடி தூரத்தையும் போட்டு முடியுங்கள். நண்பர்களோடு ஆடும்போது "எடுத்துக்கோ" என்று சொல்லிப் பழகிய கை, போட்டியிலும் பந்தை எடுத்துவிடும். ஸ்ட்ரோக் பிளேயில் விட்டுக்கொடுப்பதே கிடையாது. பந்து கிடந்த இடத்தை மார்க் செய்யாமல் எடுத்தால் ஒரு பெனால்டி. திரும்ப வைத்துப் போட்டு முடித்தால் அதோடு போகும். முடிக்காமல் அடுத்த டீயில் அடித்துவிட்டால் தகுதிநீக்கம்.

பையில் 14 கிளப்புக்கு மேல் இருக்கிறதா என்று முதல் டீயில் எண்ணுங்கள். 2001 பிரிட்டிஷ் ஓபன் கடைசி நாளில் இயன் வூஸ்னம் இரண்டாவது டீயில்தான் பதினைந்தாவது கிளப்பைக் கண்டார். இரண்டு ஸ்ட்ரோக் போனது.

கார்டைக் கடைசியில் ஒரேயடியாகச் சரிபார்ப்பதா, ஹோலுக்கு ஹோல் பார்ப்பதா? 1968 மாஸ்டர்ஸில் ராபர்ட்டோ டி விசென்சோ பதினேழாவது ஹோலில் எடுத்தது 3. மார்க்கர் எழுதியது 4. கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். அதிகமாக எழுதிய ஸ்கோர் அப்படியே நிற்கும் என்பது விதி. அந்த ஒரு ஸ்ட்ரோக்கில் பாப் கோல்பிக்குக் கோப்பை போனது. 1957 அமெரிக்க மகளிர் ஓபனில் ஜாக்கி பங் என்பவருக்கு நேர்மாறாக நடந்தது: நான்காவது ஹோலில் 6-க்குப் பதில் 5 என்று இருந்தது. கூட்டுத்தொகை சரியாகவே இருந்தும் தகுதிநீக்கம். ஒவ்வொரு ஹோலின் எண்ணுக்கும் பொறுப்பு ஆட்டக்காரர். கூட்டுவது கமிட்டியின் வேலை. அடுத்த டீயில் உங்கள் முறை வருவதற்குள் மார்க்கரிடம் எண்ணை வாய்விட்டுச் சொல்லி, அவர் எழுதியதைக் கண்ணால் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் கூட்டல் போட்டுக்கொண்டிருக்காமல், மார்க்கரை எதிரில் உட்காரவைத்து ஒன்று முதல் பதினெட்டுவரை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். பெனால்டி விழுந்ததா இல்லையா என்ற சந்தேகம் எந்த ஹோலிலாவது இருந்தால், கையெழுத்துப் போடும் முன்பே கமிட்டியிடம் கேளுங்கள்.